இசைத்தட்டில் ஏறாத சிம்பொனிகள்

ஒரு கணக்கோடு தொடங்குவோம். 1934 ஜனவரியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், ராய் ஹாரிஸ் என்கிற வெள்ளை இசையமைப்பாளரின் சிம்பொனி முதன்முதலாக வாசிக்கப்பட்டது. அடுத்த மாசமே கொலம்பியா கம்பெனி அதை இசைத்தட்டில் பதிவு செய்துவிட்டது. அதற்கு ஏழு மாசம் முன்னால், 1933 ஜூன் 15ஆம் தேதி, சிகாகோ நகரத்தில் பிளாரன்ஸ் பிரைஸ் என்கிற கறுப்பினப் பெண் எழுதிய சிம்பொனி அரங்கேறியது. அது முழுசாகப் பதிவாகித் தட்டாக வெளிவந்தது 2011இல். ஹாரிசுக்கு ஒரு மாசம். பிரைசுக்கு 78 வருஷம். அதற்குள் அவர் செத்துப்போய் 58 வருஷம் ஓடியிருந்தது.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். நான் சங்கீதம் படித்த ஆள் இல்லை. தமிழ் படித்த ஆள். ஆனால் 'பதிவு' என்ற சொல்லுக்கு நம் மொழியில் ஒலிப்பதிவு என்றும் பொருள் உண்டு, வரலாற்றில் பதிவாவது என்றும் பொருள் உண்டு. இரண்டும் வேறு வேறு சங்கதி இல்லை என்பதை இந்த இசைத்தட்டுகளின் கதை எனக்குக் காட்டியது.

இந்த வித்தியாசத்தைச் சொன்னதும் பொதுப்புத்தி உடனே ஒரு பதிலை எடுத்து நீட்டும். தகுதி, திறமை. 'அந்த அம்மா எழுதியது மட்டமாக இருந்திருக்கும், அதனால் விட்டிருப்பார்கள்.' இந்தப் பதிலை நாம் எங்கெங்கே கேட்டிருக்கிறோம் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரைசின் சிம்பொனி 1932இல் வானமேக்கர் போட்டியில் முதல் பரிசு வாங்கியது. அதை வாசித்தது சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா, நடத்தியவர் பிரெடரிக் ஸ்டாக். தகுதிச் சான்றிதழெல்லாம் கையில் இருந்தது. இல்லாமல் போனது வேறு ஒன்று.

*

சிம்பொனி என்ற சொல் நமக்குப் புதுசில்லை. 1993இல் இளையராஜா லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து ஒரு சிம்பொனியைப் பதிவு செய்த செய்தி வந்தபோது டீக்கடை வரைக்கும் அந்தச் சொல் புழங்கியது. பதிவு நடந்தது, தட்டு வெளிவரவில்லை. 2025 மார்ச்சில் வேறொரு சிம்பொனியை அவர் லண்டன் மேடையில் ஏற்றினார். ஆக, எழுதுவது ஒன்று, வாசிக்கப்படுவது இன்னொன்று, பதிவாகி ஜனங்கள் கைக்கு வந்து சேர்வது மூன்றாவது ஒன்று என்பது நமக்கும் தெரிந்ததுதான். அதே ராயல் பில்ஹார்மோனிக் இந்தக் கதையில் இன்னொரு தடவை வரும்.

கவிதை எழுத ஒரு பேனா போதும். சிம்பொனி எழுதவும் பேனா போதும்தான். ஆனால் எழுதியதைக் காதால் கேட்க அறுபது பேர், எண்பது பேர், சில சமயம் நூறு பேர் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். அவர்கள் உட்கார ஓர் அரங்கம் வேண்டும். அரங்கத்தைக் கட்டிய பணக்காரர்களின் சம்மதம் வேண்டும். இத்தனையும் கூடி வந்து ஒரு ராத்திரி அரைமணி நேரம் வாசித்து முடித்தால், கைதட்டல் ஓய்ந்ததும் இசை காற்றோடு போய்விடும். மிஞ்சுவது காகிதம். அந்தக் காகிதத்தைப் படித்து இசையாகக் கேட்கக்கூடியவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர். மற்றவர்களைப் பொறுத்தவரை தட்டில் ஏறாத சிம்பொனி எழுதப்படாத சிம்பொனிதான். பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்ட முடியாது. வானொலியில் ஒலிபரப்ப முடியாது. 'அமெரிக்க சிம்பொனி' என்று புஸ்தகம் எழுதுகிறவன் கேட்டுப் பார்த்திருக்க மாட்டான். அதனால் எழுதவும் மாட்டான்.

*

கறுப்பர்களின் குரலை அமெரிக்கத் தட்டுக் கம்பெனிகள் பதிவே செய்யவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1920இல் மேமி ஸ்மித் என்கிற கறுப்புப் பாடகி பாடிய புளூஸ் பாட்டை ஓகே கம்பெனி தட்டாகப் போட்டது. அது சக்கைப்போடு போட்டது. அதைப் பார்த்த கம்பெனிகள் எல்லாம் ஓடிவந்து 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனி வரிசையே தொடங்கின. தனி எண், தனி விலைப்பட்டியல், தனி விளம்பரம். ஊரும் சேரியும் தட்டுக் கடைக்குள்ளேயும் வந்துவிட்டது. கறுப்பன் அழுதால் பதிவு செய்வார்கள், ஆடினால் பதிவு செய்வார்கள். அவன் நாலு பகுதி வைத்து ஒரு பெரிய கட்டடம்போல இசையைக் கட்டினால்? அதற்கு மைக்கும் இல்லை, மெழுகும் இல்லை.

இதை உடைக்கப் பார்த்த ஒரு கம்பெனி உண்டு. 1921இல் ஹாரி பேஸ் என்கிற கறுப்பர் நியூயார்க்கில் தொடங்கிய 'பிளாக் ஸ்வான்'. அதன் இயக்குநர் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கடிதம் எழுதினாரே, அதே டு பாய்ஸ்தான். புளூசோடு நில்லாமல் செவ்வியல் பாடல்களையும் கறுப்புக் குரலில் தட்டாக்குவோம் என்று கிளம்பினார்கள். 1923இல் திவாலாகிப்போனார்கள்.

அந்தக் கம்பெனியில் இசை ஒழுங்கு செய்கிற வேலை பார்த்த இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் வில்லியம் கிராண்ட் ஸ்டில். 1895இல் மிசிசிபி மாநிலத்தில் பிறந்து, ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரத்தில் வளர்ந்தவர். அங்கே அவருக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர் சார்லட் ஸ்டீபன்ஸ், அடிமையாகப் பிறந்து அந்த நகரத்தின் முதல் கறுப்பு ஆசிரியை ஆனவர். அதே ஆசிரியையிடம் படித்த இன்னொரு குழந்தைதான் நாம் மேலே பார்த்த பிளாரன்ஸ் பிரைஸ். அடிமையாய்ப் பிறந்த ஒரு பெண்ணின் வகுப்பறையிலிருந்து இரண்டு சிம்பொனிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். இந்தத் தகவலை எந்த இசைத்தட்டு உறையிலும் முதல் வரியாகப் போட்டிருக்க வேண்டும்.

ஸ்டில் 1930இல் எழுதிய 'ஆப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி' 1931 அக்டோபரில் ராச்செஸ்டர் நகரத்தில் ஹோவர்ட் ஹான்சன் நடத்த அரங்கேறியது. முதல் பகுதியின் அடிப்படையே 12 அளவு புளூஸ். பீத்தோவன் வீட்டு வாசல் வழியாகக் கூலிக்காரன் பாட்டை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். நாலு பகுதிகளுக்கும் அவரே வைத்த பெயர்கள் ஏக்கம், துயரம், நகைச்சுவை, விழைவு. ஒவ்வொன்றுக்கும் பால் லாரன்ஸ் டன்பர் என்கிற கறுப்புக் கவிஞரின் வரிகளை முகப்பில் வைத்தார். மூன்றாம் பகுதியில் பேஞ்சோ வாசிக்கப்படுகிறது. தோட்டக் காட்டு அடிமைகளின் கையில் இருந்த வாத்தியம் சிம்பொனி மேடையில் உட்கார்ந்தது.

இனி தட்டுக்கு வருவோம். அந்தக் காலத்துத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுவது. பெரிய தட்டாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் நாலு, நாலரை நிமிஷம்தான் அடங்கும். ஸ்டிலின் சிம்பொனி சுமார் 24 நிமிஷம். மூன்று தட்டு, ஆறு பக்கம் வேண்டும். ஹாரிசின் சிம்பொனியும் ஏறக்குறைய அதே நீளம்தான், அதற்குத் தட்டு கிடைத்தது. ஸ்டிலுக்கு என்ன கிடைத்தது? 1940ஐ ஒட்டி ஹான்சனும், லியோபோல்ட் ஸ்டொக்கோவ்ஸ்கியும் தனித்தனியாக அந்த சிம்பொனியிலிருந்து ஒரே ஒரு பகுதியைப் பதிவு செய்தார்கள். மூன்றாம் பகுதி. பேஞ்சோ வருகிற, குதூகலமான, ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற பகுதி.

தொழில்நுட்பக் காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஒரு பக்கத்தில் அடங்கியது அதுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். ஏக்கம் போய்விட்டது. துயரம் போய்விட்டது. கடைசிப் பகுதியின் விழைவு, அதாவது தலைநிமிர்ந்து நிற்பது, அதுவும் போய்விட்டது. சிரிப்பும் ஆட்டமும் மட்டும் கடைக்கு வந்தது. ஒரு ஆளை நாலாக வெட்டி, சிரிக்கிற துண்டை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்த மாதிரி. ஹான்சனும் ஸ்டொக்கோவ்ஸ்கியும் கெட்ட மனுஷர்கள் இல்லை, கறுப்பர்களின் இசையை விடாமல் மேடையேற்றியவர்கள். தனிமனித நல்லெண்ணத்தையும் மீறி வேலை செய்வதுதானே கட்டமைப்பு.

முழு சிம்பொனியும் தட்டில் ஏறுவதற்கு இருபது வருஷம் ஆனது. அதுவும் அமெரிக்காவில் இல்லை. கார்ல் க்ரூகர் என்கிற அமெரிக்க நடத்துநர் 1950களில் வியன்னா வாத்தியக்காரர்களைக் கொண்டு பதிவு செய்தார். 1960களில் மறுபடியும் அவரே, லண்டனில், ராயல் பில்ஹார்மோனிக்கைக் கொண்டு பதிவு செய்தார். 1936இலேயே லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்கை நடத்தி, அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றை நடத்திய முதல் கறுப்பர் என்று பெயர் வாங்கிய மனுஷரின் சிம்பொனி, கடல் தாண்டிப் போய்த்தான் தட்டானது.

*

பிரைசின் கதை இன்னும் கடினம். 1887இல் லிட்டில் ராக்கில் பிறந்தவர். அப்பா பல் மருத்துவர். பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் சேர்த்தபோது, ஊர் மெக்சிகோ என்று எழுதிக் கொடுத்தார் அவருடைய அம்மா. பேரையும் ஊரையும் மாற்றிச் சொல்லி நகரத்தில் வாடகைக்கு வீடு பிடிக்கிற நம் ஆட்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1927இல் லிட்டில் ராக்கில் ஒரு கறுப்பரைக் கும்பல் கொன்று தெருவில் எரித்தது. அந்த வருஷமே பிரைஸ் குடும்பத்தோடு சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே மணவிலக்கு. இரண்டு பெண் குழந்தைகள். ஊமைப் படங்களுக்குக் கொட்டகையில் ஆர்கன் வாசித்துப் பிழைப்பு. இந்த நெருக்கடிக்கு நடுவில் எழுதியதுதான் அந்த முதல் சிம்பொனி.

1933இல் சிகாகோ சிம்பொனி அதை வாசித்தது என்று சொன்னேன். அது தானாக நடக்கவில்லை. அந்த நிகழ்ச்சிக்கு 250 டாலர் கொடுத்தவர் மாட் ராபர்ட்ஸ் ஜார்ஜ் என்கிற கறுப்பினப் பெண், 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையின் இசை விமர்சகர். பொருளாதாரம் சரிந்து கிடந்த காலத்தில் அது பெரிய தொகை. வெள்ளையர் ஆர்க்கெஸ்ட்ரா கறுப்புப் பெண்ணை அங்கீகரித்தது என்று வரலாறு சொல்லும். கறுப்புப் பெண்கள் காசு திரட்டி வெள்ளையர் ஆர்க்கெஸ்ட்ராவை வாசிக்க வைத்தார்கள் என்பதும் அதே நாளின் உண்மைதான். இன்னொரு கொடுமை: கறுப்பர்களைச் சிறப்பிக்க நடந்த அந்த மாலையின் முதல் உருப்படி ஜான் பவல் எழுதியது. வெர்ஜீனியாவில் கறுப்பு-வெள்ளைத் திருமணத்தைத் தடை செய்த 1924ஆம் வருஷத்துச் சட்டத்துக்காக ஓடியாடி வேலை செய்த இனவெறியர் அவர்.

அந்த சிம்பொனியின் மூன்றாம் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய வழக்கப்படி அந்த இடத்தில் ஸ்கெர்ட்சோ என்கிற துள்ளல் இசை வரும். பிரைஸ் அங்கே 'ஜூபா' ஆட்டத்தை வைத்தார். ஜூபா என்பது என்ன? 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கலகம் செய்தார்கள். முரசு அடித்து ஆள் சேர்த்தார்கள். அடுத்த வருஷமே அங்கே சட்டம் போட்டு அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்தார்கள். முரசைப் பிடுங்கினால் என்ன? உடம்பு இருக்கிறதே. தொடையைத் தட்டினார்கள், மார்பைத் தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள். தோட்டக் காடுகளில் உடம்பையே முரசாக்கிய ஆட்டம்தான் ஜூபா. பறையின் கதை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். கருவியைத் தடை செய்த சமூகத்தின் உச்சாணிக் கலைவடிவத்துக்குள், ஆப்பிரிக்க முரசுகளையும் கூட்டிக்கொண்டு, அந்த ஆட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்தினார் பிரைஸ்.

1943இல் அவர் செர்ஜி கூசெவிட்ஸ்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநர். ஹாரிசின் சிம்பொனியை ஒரே மாசத்தில் தட்டில் ஏற்றிய அதே கை. பிரைஸ் படித்த அதே ஊர். எனக்கு இரண்டு தடைகள், ஒன்று நான் பெண், இன்னொன்று என் ரத்தத்தில் கறுப்பு இருக்கிறது, சலுகை வேண்டாம், இசையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பது கடிதத்தின் சாரம். முதல் கடிதமும் அல்ல. கூசெவிட்ஸ்கி அவருடைய ஒரு படைப்பைக்கூட வாசிக்கவில்லை. ஹாரிசும் சீமான் வீட்டுப் பிள்ளை இல்லை, விவசாயி மகன், பால் வண்டி ஓட்டிப் பிழைத்தவர். ஏழ்மையைத் தாண்ட ஒரு ஏணி இருந்தது. தோலின் நிறத்தைத் தாண்ட இல்லை. வர்க்கம் என்று மட்டும் பேசி இந்தக் கணக்கை முடித்துவிட முடியாது.

*

மூன்றாமவர் வில்லியம் டாசன். 1899இல் அலபாமாவின் அனிஸ்டன் ஊரில் பிறந்து, 13 வயசில் வீட்டை விட்டு ஓடிப்போய் டஸ்கிகீ கல்வி நிலையத்தில் சேர்ந்தவர். 1925இல் கான்சாஸ் சிட்டியில் இசைப் பட்டம் வாங்கினார். பட்டமளிப்பு விழாவில் அவர் எழுதிய இசையையே வாசித்தார்கள். கைதட்டலை ஏற்க மேடைக்கு வர அவருக்கு அனுமதியில்லை. கறுப்பர்களுக்கு ஒதுக்கிய மாடத்தில் உட்கார்ந்து தன் இசைக்கு விழுந்த கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய 'நீக்ரோ ஃபோக் சிம்பொனி'யை 1934 நவம்பரில் ஸ்டொக்கோவ்ஸ்கி பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவோடு அரங்கேற்றினார். நியூயார்க்கின் கார்னகி ஹாலிலும் வாசித்தார்கள். வானொலியில் நாடு முழுக்க ஒலித்தது. இரண்டாம் பகுதி முடிந்ததுமே, சிம்பொனி நடுவில் கைதட்டக் கூடாது என்ற சம்பிரதாயத்தை மறந்து ஜனங்கள் தட்டினார்கள். முதல் பகுதிக்குப் பெயர் 'ஆப்பிரிக்கப் பிணைப்பு'. முதல் ஆப்பிரிக்கரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றியபோது மனிதச் சங்கிலியிலிருந்து ஒரு கண்ணி பிடுங்கப்பட்டது என்பது டாசனின் எண்ணம். அந்தக் கண்ணியைத் தேடுகிற மாதிரி ஊதுகொம்பு ஒன்று தனியாக அழைத்துத்தான் சிம்பொனி தொடங்குகிறது.

இத்தனை வெற்றிக்குப் பிறகும் எந்தக் கம்பெனியும் தட்டுப் போடவில்லை. டாசன் டஸ்கிகீயில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1952இல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டு வந்து சிம்பொனியைத் திருத்தினார். 1963இல் அதே ஸ்டொக்கோவ்ஸ்கி, எண்பது வயசு தாண்டிய கிழவர், தன் புது ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு டெக்கா கம்பெனிக்காக அதைப் பதிவு செய்தார். 29 வருஷம். நல்லவேளையாக டாசன் உயிரோடு இருந்தார், 1990 வரை இருந்தார். ஆனால் இன்னொரு சிம்பொனி எழுதவில்லை. பதிவு மறுக்கப்படுவதன் முழுச் சேதாரம் இதுதான். எழுதியது தொலைவது ஒரு இழப்பு, எழுதப்படாமலே போனது இன்னொன்று. இரண்டாவதை எண்ண நம்மிடம் எந்த எண்ணும் இல்லை.

*

ஒரு எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வெள்ளையர் எல்லாருக்கும் உடனே தட்டு கிடைத்துவிடவில்லை. சார்லஸ் ஐவ்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிய சிம்பொனிகளுக்கும் பல பத்தாண்டுகள் காது கிடைக்கவில்லை. அவருடைய நாலாம் சிம்பொனி 1965இல்தான் முழுசாக அரங்கேறியது, அதே வருஷம் பதிவானது. ஏமி பீச் என்கிற வெள்ளைப் பெண்ணின் சிம்பொனி 1896இல் பாஸ்டனில் அரங்கேறியது, அது தட்டாக வந்தது 1960களில். ஐரோப்பாதான் இசை, அமெரிக்கா வெறும் வாங்குகிற சந்தை என்ற அடிமைப்புத்தி அமெரிக்க வெள்ளையனுக்கும் இருந்தது. சரிதான். ஆனால் ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழிலில் பணம் பார்த்தவர், காத்திருக்க அவரால் முடிந்தது. புறக்கணிப்பு எல்லோருக்கும் உண்டு. காத்திருக்கிற காலத்தில் யார் சாப்பிட்டார், யார் கொட்டகையில் ஆர்கன் வாசித்தார் என்று பார்த்தால்தான் புறக்கணிப்பின் சாதி தெரியும். பெண்ணாகவும் கறுப்பாகவும் இருந்தவருக்கு இரண்டு வரிசையிலும் கடைசி இடம்.

இன்னொன்று. தட்டுப் போடுகிற ஆர்க்கெஸ்ட்ராக்களில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? 1842இல் தொடங்கிய நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் முதல் நிரந்தரக் கறுப்பு உறுப்பினராக வயலின்காரர் சான்ஃபோர்ட் ஆலன் சேர்ந்தது 1962இல். 120 வருஷம். வாசிக்கிறவர்கள், நடத்துகிறவர்கள், நிதி கொடுக்கிறவர்கள், தட்டுக் கம்பெனிக்காரர்கள், பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். அந்தத் தெருவில் யாரும் பிரைசைத் திட்டவில்லை, தடைச்சட்டம் போடவில்லை. அவர் பேரை யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

*

அந்தத் தெருவை உள்ளிருந்தே கொஞ்சம் உடைத்தது பால் ஃப்ரீமன் என்கிற கறுப்பு நடத்துநர். 1974 முதல் 1978 வரை கொலம்பியா கம்பெனி அவரை வைத்து 'கறுப்பு இசையமைப்பாளர் வரிசை' என்று 9 தட்டுகள் வெளியிட்டது. கூட நின்று படைப்புகளைத் தேடித் தந்தவர் டொமினிக்-ரெனே டி லெர்மா என்கிற ஆய்வாளர். ஸ்டிலின் சிம்பொனி அதில் வந்தது, வாசித்தது லண்டன் சிம்பொனி. உரிமைப் போராட்டத்தின் சூடு தெருவில் இருந்தபோது வந்த வரிசை அது. சூடு ஆறியதும் கம்பெனியின் உற்சாகமும் ஆறியது, தட்டுகள் கடையிலிருந்து மறைந்தன. குறுவட்டாக மறுபடி முழுசாக வந்தது 2019இல். அந்த 9 தட்டுகளிலும் பிளாரன்ஸ் பிரைசுக்கு இடமில்லை. நம் வரிசையிலும் கடைசியில் நிற்பது யார் என்று நாமும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1990களில் டெட்ராய்ட் ஆர்க்கெஸ்ட்ராவை நீமே யார்வி நடத்த ஸ்டில், டாசன் இருவருடைய சிம்பொனிகளும் நல்ல பதிவாக வந்தன. 2001இல் பெண்கள் மட்டுமே வாசித்த ஒரு ஆர்க்கெஸ்ட்ரா பிரைசின் மூன்றாம் சிம்பொனியைப் பதிவு செய்தது. 1940இல் டெட்ராய்ட்டில் அரங்கேறி, குடியரசுத் தலைவரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் தன் பத்திரிகைப் பத்தியில் பாராட்டி எழுதிய சிம்பொனி அது. பாராட்டு வந்த வேகத்தில் பதிவு வரவில்லை, 61 வருஷம் ஆனது.

2009இல் இல்லினாய் மாநிலத்தின் செயின்ட் ஆன் என்கிற சிற்றூரில், பாழடைந்து மரம் விழுந்து கிடந்த ஒரு வீட்டைச் செப்பனிட வந்தவர்கள், உள்ளே கட்டுக்கட்டாக இசைக் காகிதங்களைக் கண்டார்கள். அது பிரைஸ் கோடையில் தங்கிய வீடு. அந்தக் கட்டில் நாலாம் சிம்பொனி இருந்தது. 1945இல் எழுதியது, அவர் காதால் ஒரு முறைகூடக் கேட்காதது. 2018இல் ஆர்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித் ஆர்க்கெஸ்ட்ரா அதை அரங்கேற்றி, அடுத்த வருஷம் நாக்சோஸ் தட்டாக வெளிவந்தது. 2022இல் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ரா பதிவு செய்த பிரைசின் முதல், மூன்றாம் சிம்பொனிகளுக்கு கிராமி விருது கிடைத்தது.

இப்போது உலகம் முழுக்கச் சொல்கிறார்கள்: 'மறக்கப்பட்ட மேதை கண்டுபிடிக்கப்பட்டார்.' இந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. யார் மறந்தது? யார் கண்டுபிடித்தது? அவருடைய மகள் அம்மாவின் காகிதங்களைக் காத்து வைத்தார். அதில் ஒரு பகுதி 1970களிலேயே ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரே லிண்டா பிரவுன் என்கிற கறுப்பினப் பெண் ஆய்வாளர் தன் ஆயுளில் பாதியை பிரைசுக்குக் கொடுத்தார். 2017இல் இறந்துபோனார். அவர் எழுதிய பிரைஸ் வரலாறு 2020இல் புஸ்தகமாக வந்தது. பிரைஸ் இசையமைத்த ஆன்மிகப் பாட்டை மரியன் ஆண்டர்சன் மேடை மேடையாகப் பாடினார். வெள்ளைப் பெண்கள் சங்கம் அரங்கம் தர மறுத்து, 1939இல் லிங்கன் நினைவிடத்தின் படிக்கட்டில் எழுபத்தையாயிரம் பேருக்கு முன்னால் நின்று பாடிய அந்த நாளிலும் பாடினார். கறுப்பு சனங்கள் மறக்கவில்லை. தேடாதவர்கள்தான் 'தொலைந்துவிட்டது' என்று சொன்னார்கள். கொலம்பஸ் கண்டுபிடித்த அமெரிக்காவில் ஏற்கெனவே ஆள் இருந்த மாதிரி.

*

தோழர்கள் சிலர் கேட்கலாம்: சிம்பொனி எஜமானனின் வடிவம்தானே, அதற்குள் நுழைய இவ்வளவு பாடு எதற்கு, புளூஸ் போதாதா? கறுப்பர்களுக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்தது. லாங்ஸ்டன் ஹியூஸ் 1926இலேயே, வெள்ளையனாகப் பார்க்கிற கறுப்புக் கலைஞனைக் கடிந்து எழுதினார். ஆலன் லாக் சிம்பொனிக்காரர்களைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்று. 1893இல் நியூயார்க்கில் இருந்த செக் நாட்டுக்காரர் ட்வோர்ஷாக், ஹாரி பர்லி என்கிற கறுப்பு மாணவரைப் பாடச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். அமெரிக்க இசையின் அஸ்திவாரம் நீக்ரோ மெட்டுகள்தான் என்று அறிவித்தார். அந்தப் பாட்டுகளின் மணத்தோடு 'புது உலகத்திலிருந்து' சிம்பொனியை எழுதினார். அது எத்தனை தடவை தட்டாகியிருக்கிறது என்று எண்ணி மாளாது. ஆக, கறுப்பர் பாட்டு சிம்பொனிக்குள் வருவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மண் எடுத்துக்கொள்ளலாம், மண்ணுக்குச் சொந்தக்காரன் வீடு கட்டத்தான் கூடாது. அதனால்தான் ஸ்டிலும் பிரைசும் டாசனும் அந்த வடிவத்துக்குள் போனதை நான் ஏவல் வேலையாகப் பார்க்கவில்லை. நீ எதை உன் உச்சம் என்கிறாயோ அதை எங்கள் பாட்டாலும் எங்கள் கையாலும் கட்ட முடியும் என்று காட்டியது அது.

இன்றைக்கு ஒரு செல்போன் இருந்தால் மூவரையும் கேட்கலாம். இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்கும்போது இரண்டு வருஷங்களைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: எழுதிய வருஷம், பதிவான வருஷம். நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்துத்தான் அந்த இசையைக் கேட்க வேண்டும்.

பிரைசின் சிம்பொனிகளைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். முதலாவது இருக்கிறது. மூன்றாவது இருக்கிறது. நாலாவது இருக்கிறது. இரண்டாவது சிம்பொனி முழுசாகக் கிடைக்கவில்லை. வரிசையில் அந்த எண் காலியாக நிற்கிறது.